பட்டச் சுமை

பண்டித பரீட்சையிற் சித்தியெய்திய நாளிலே என் பெற்றோர் மகிழ்ந்தனர்; நானோ அஞ்சத் தொடங்கினேன். அதுவரை பிழை வெறும் பிழையாயிருந்தது. அதன்பின் அது பட்டத்துக்கு இழுக்காயிற்று. 30 ஆண்டு கற்பித்தும் ஓர் உரைநூல் எழுதக் கை துணியவில்லை. சென்ற தவணையில் மாணவனொருவன் கலித்தொகைச் சொல்லொன்றுக்குப் பொருள் வினவினான். தெரியாதென்று சொல்ல நாவெழவில்லை. பின்னர்ப் பார்ப்போமென்று கடந்தேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

அக்கலித்தொகையை 1887இல் முதன்முதல் அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையை எண்ணினேன். அதற்கு ஈராண்டு முன்னர்த் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை அவர் பதிப்பித்தபோது, ஏடுகள் சிதைந்திருந்தன; பாடங்கள் மாறுபட்டன; குற்றங் காண்பாரும் காத்திருந்தனர். பெரும் பட்டங்களைத் தலையிற் சுமவாமையாலேயே இதற்குத் துணிந்ததாகப் பதிப்புரையிலே அவர் கூறுகின்றார். பிழை நேருமென அறிந்தும், நூல் அழியலாகாதென்பதையே பெரிதெனக் கொண்டார். பட்டம் சுமந்த எனக்கு அவ்வுரை சுட்டது.

மறுநாள் அம்மாணவனை அழைத்து, “தம்பி, எனக்கு அச்சொல் தெரியாது, இருவரும் தேடுவோம்” என்றேன். அவன் இகழவில்லை, அகராதியை எடுத்துக்கொண்டு அருகே வந்தமர்ந்தான். மாலைக்குள் பொருள் கண்டோம்.

இளம் ஆசிரியர்களே, அச்சம் முற்றும் ஒழிந்தபின் தொடங்குவோமென்று காத்திருப்பவர் தொடங்குவதேயில்லை. நமக்குரிய வழி, தெரியாதென்று ஒப்புக்கொள்ளும் இடத்திலேதான் தொடங்குகின்றது. நானும் இப்போதுதான் உரையெழுதத் தொடங்கியுள்ளேன். இக்கட்டுரையிலும் பிழையிருத்தல் கூடும், கண்டோர் திருத்துக.