குட்டி லினக்ஸுக்கு எந்த பிரவுசர்?

செமஸ்டர் ஃபீஸ் கட்ட கடைசி நாள், ராத்திரி 11 மணி. என் ரூம்மேட்கிட்ட இருக்கிறது 2 ஜிபி ராம் லேப்டாப். சீனியர்கிட்ட வாங்கினது. குட்டி லினக்ஸ் போட்டுட்டு, ‘சும்மா பறக்குது மாப்ள’னு காலரைத் தூக்கிட்டுத் திரிஞ்சவன். ஏற்கெனவே ஏழெட்டு டேப் ஓபன். பணம் கட்டற பேஜைத் திறந்தான் பாருங்க... மவுஸ் நகரவே இல்லை! பணம் போச்சா, போகலையானு தெரியாம அவன் முழிச்ச முழி இருக்கே!

தப்பு லினக்ஸ் மேல இல்லை. ஓபன்பாக்ஸ் மாதிரி சிம்பிளான டெஸ்க்டாப்புக்குச் சில நூறு எம்பி ராமே தாராளம். மிச்சத்தை முழுங்கறது பிரவுசர்தான். இன்னிக்குப் பல வெப்சைட்டுங்க வெறும் எழுத்தும் படமும் இல்லை. ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதின முழு புரோகிராம். பாதுகாப்புக்காக வேற வேற சைட்டைத் தனித்தனி புராசஸா வேற ஓட்டறாங்க. டேப் கூடக் கூட ராம் காலி!

‘அப்போ லைட்டான பிரவுசர் போட்டா போச்சு’ங்கறீங்களா? கொஞ்சம் பொறுங்க.

1999-ல வந்த டில்லோ செம ஸ்பீடு. காரணம், அதுல ஜாவாஸ்கிரிப்ட்டே கிடையாது. 2015-க்குப் பிறகு புது வெர்ஷன் இல்லாம தூங்கிட்டிருந்தது, 2024-ல 3.1 வெர்ஷனோட எழுந்து உட்கார்ந்துச்சு. நெட்சர்ஃப்புக்கு சொந்த இன்ஜின் உண்டு. ஆனா ஜாவாஸ்கிரிப்ட் அரைகுறைதான். டெர்மினல்லயே படிக்கணும்னா டபிள்யூ3எம். மூணுமே படிக்க சூப்பர், ஃபீஸ் கட்ட உதவாது.

ஃபால்கன்? பார்க்க ஒல்லிதான். உள்ளே ஓடறது குரோமியம் இன்ஜின். வாசல் சின்னது, சமையல்கட்டு பெரிசு!

அதனால ஒண்ணு போதாது பாஸ், ரெண்டு வேணும். நோட்ஸ், மேனுவல் படிக்க டில்லோ. ஃபாரம், பேங்க் வேலைக்கு மட்டும் ஃபயர்பாக்ஸ். அதுல யூபிளாக் ஆரிஜின் போட்டு விளம்பரங்களைத் தடுத்துடுங்க, பாரம் குறையும். பணம் கட்டும்போது ஒரே ஒரு டேப். அதுக்கு முன்னாடி டெர்மினல்ல ‘ஃப்ரீ’ கமாண்ட் அடிச்சு, ‘அவெய்லபிள்’க்குக் கீழே இருக்கிற எண்ணைப் பாருங்க. அதே வரியில இருக்கிற ‘ஃப்ரீ’ எண்ணைப் பார்த்து பயப்படாதீங்க. காலியா இருக்கிற ராமை லினக்ஸ் கேஷுக்கு எடுத்துக்கும், கேட்டா திருப்பிக் கொடுத்துடும்.

ரெண்டு எச்சரிக்கை. அப்டேட் நின்னுபோன பிரவுசர் எவ்ளோ லைட்டா இருந்தாலும் அதுல பாஸ்வேர்டு அடிக்காதீங்க. 32-பிட் மெஷின்காரங்க கூடுதல் உஷார்: 2025-ல வந்த 145-வது வெர்ஷன்லேர்ந்து ஃபயர்பாக்ஸ் 32-பிட் லினக்ஸைக் கைகழுவிடுச்சு.

ரூம்மேட் என்ன ஆனான்? மறுநாள் பார்த்தா பணம் போகவே இல்லை. ஃபைனோட கட்டினான். இப்ப டில்லோ, ஃபயர்பாக்ஸ் ரெண்டும் வெச்சிருக்கான். காலரை மட்டும் இறக்கி விட்டுட்டான்!