மூணு சிலிண்டரில் ஒரு ரேஸ்!

பாகலூர் டீக்கடை பெஞ்ச். நைட் ஷிஃப்ட் முடித்து ஓசூரிலிருந்து வந்த இரண்டு பையன்கள். பைக்கின் சைலன்ஸரைக் கழற்றிவிட்டு ஒருவன், "மச்சான், பிக்-அப் எப்படி ஏறிடுச்சு பாரு!" என்கிறான். ஏறியது சத்தம் மட்டும்தான். தெரு நாய்கள் சாட்சி!

சிரித்துவிட்டு யோசித்தேன். இப்படி நோண்டுகிற கைகள்தானே ரேஸ் காரையே செய்தன?

1946. யுத்தம் முடிந்த இங்கிலாந்தில் பெட்ரோலுக்கு ரேஷன். ஜான் கூப்பர் என்ற இளைஞர், அப்பாவின் கராஜில் இரண்டு குட்டி ஃபியட் கார்களின் முன்பாகங்களை முதுகோடு முதுகாக ஒட்ட வைத்தார். எஞ்சின்? மோட்டார் சைக்கிளுடையது! செயின் பின்சக்கரத்துக்கு எட்ட வேண்டுமே என்று அதை டிரைவருக்குப் பின்னால் வைத்தார். வண்டிக்குப் பின்னால் மாட்டைக் கட்டின கதை என்று தோன்றும். ஆனால் 1959-லும் 1960-லும் ஜாக் பிராபம் உலக சாம்பியன் ஆனது பின்-எஞ்சின் கூப்பரில்தான். அப்புறம் ஃபெராரி உட்பட எல்லாரும் எஞ்சினைப் பின்னால் தள்ளினார்கள்.

அவர்களுக்கு ரேஸ் விட, பழைய விமான ஓடுதளமான சில்வர்ஸ்டோன். நமக்கு சென்னை பக்கத்தில் சோழவரம். அதுவும் யுத்தகால ஓடுதளமே!

நம் ஊர் கூப்பர், கோவை எஸ். கரிவரதன். மில் குடும்பத்துப் பிள்ளை. வெளிநாட்டு ரேஸ் கார் வாங்குவதென்றால் சொத்தை எழுதிக் கொடுக்கணும். மனுஷர் பார்த்தார்... ரோட்டில் காய்கறி வாங்கப் போய்க்கொண்டிருந்த மாருதி 800-ன் எஞ்சினை எடுத்தார். 796 சிசி, மூன்று சிலிண்டர். அதை ஒற்றை ஸீட், கூரையில்லாத ரேஸ் காரில் பொருத்தினார். 1988-ல் பிறந்தது ஃபார்முலா மாருதி. எல்லார் கையிலும் ஏறக்குறைய ஒரே வண்டி என்பதால் அப்பாவின் பணம் அவ்வளவாகப் பேசாது. ஓட்டுகிறவனின் கால் பேசும்.

அதில் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். பார்க்கக் கரிவரதன் இல்லை. 1995-லேயே விமான விபத்தில் போய்விட்டார். கோவை செட்டிபாளையத்தில் ஒரு ரேஸ் டிராக் அவர் பெயரைச் சொல்கிறது.

இதையெல்லாம் அந்தப் பையன்களிடம் சொன்னேன். ஓசூர் டிவிஎஸ்ஸில் 1982-லிருந்தே ரேஸுக்கென்று ஒரு டீம் இருப்பதையும் சேர்த்துச் சொன்னேன். ஒருவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"சார், பழைய மாருதி எஞ்சின் என்ன விலை வரும்?"

"தெரியாதுப்பா. மொதல்ல சைலன்ஸரை மாட்டு."