பன்னிரண்டு வார்த்தை கேட்ட 'சார்'

இந்தப் பொங்கல் லீவுக்குத் திருவிடைமருதூர் போயிருந்தப்ப, சித்தப்பா பையன் என்னை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டான். "அக்கா, ஒண்ணு சொல்றேன், அப்பாகிட்ட சொல்லிடாத."

அவன் செகண்ட் இயர் படிக்கிறான். ரெண்டு முகூர்த்த சீசன் கும்பகோணம் பக்கம் மண்டபம் மண்டபமா கேட்டரிங் வேலைக்குப் போய், பந்தி பரிமாறி 22,000 ரூபாய் சேர்த்திருந்தான். அதை யூஎஸ்டிடியா மாத்தி ஃபோன்ல ஒரு வாலட்ல வச்சிருந்தான். ஒரு நாள் அதை வேற இடத்துக்கு அனுப்பப் பார்த்தா போகவே இல்ல. ஒரு டெலிகிராம் குரூப்ல, "டிரான்சாக்ஷன் ஃபெயில் ஆகுது, ஹெல்ப் பண்ணுங்க"ன்னு போட்டான். குரூப்ல யாரும் பதில் சொல்லல. ஆனா தனி மெசேஜ்ல மூணு பேர் வந்தாங்க. மூணு பேர் டிபியும் அந்த வாலட்டோட லோகோ.

அதுல ஒருத்தர் ரொம்பப் பொறுமையாப் பேசினாராம். இவன் அவரை 'சார்'னுதான் கூப்பிட்டிருக்கான். "வாலட் சிங்க் ஆகல, வேலிடேட் பண்ணணும்"னு அவர் ஒரு லிங்க் அனுப்பினார். திறந்தா 12 கட்டம். நோட்டுல எழுதி வச்சிருந்த 12 வார்த்தையையும் பார்த்துப் பார்த்து டைப் பண்ணியிருக்கான். ஸ்பெல்லிங் தப்பாயிடக் கூடாதுன்னு ரெண்டு தடவை சரிபார்த்தானாம். அதைச் சொல்லும்போதுதான் அவன் குரல் உடைஞ்சது.

இத்தனைக்கும் உண்மையான பிரச்சினை ரொம்பச் சின்னது. அந்த நெட்வொர்க்ல எதை அனுப்பினாலும் கட்டணத்தை பிஎன்பிங்கிற காயின்லதான் கட்டணும். அவன்கிட்ட யூஎஸ்டிடி இருந்தது, பிஎன்பி துளிகூட இல்ல. மூட்டை நிறைய நெல் இருந்தும் பஸ் டிக்கெட்டுக்குச் சில்லறை இல்லாத கதை. சில ரூபாய்க்கு பிஎன்பி போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். இதைச் சொல்ல ஒரு ஆள் இல்லாமத்தான் 22,000 போச்சு.

நாம இன்ஜினியரிங் படிக்கிறவங்க, அதனால அந்த 12 வார்த்தை என்னன்னு கொஞ்சம் பார்த்துடலாம். 2048 வார்த்தை இருக்கிற ஒரு பொதுப் பட்டியல்லேர்ந்து அதை எடுக்கிறாங்க. ஒரு வார்த்தைக்கு 11 பிட், மொத்தம் 132. அதுல 128 பிட் ரேண்டம், 4 பிட் செக்சம். அதுலேர்ந்துதான் உங்க பிரைவேட் கீ எல்லாம் பிறக்குது. இது பாஸ்வேர்ட் மாதிரி கிடையாது, ரீசெட் பண்ண முடியாது. வாலட் ஆப் செஞ்ச கம்பெனியோட சர்வர்லயும் இதுக்குக் காப்பி இல்ல. அந்த வார்த்தைகள் யார் கையில இருக்கோ அவங்கதான் ஓனர். அப்படின்னா அது சப்போர்ட்டுக்கு எதுக்குத் தேவை? உங்க பணத்தை எடுக்கிறதைத் தவிர அதை வச்சுச் செய்ய அவங்களுக்கு ஒரு வேலையும் இல்ல.

நமக்குப் பழக்கம் வேற. பேங்க், கேஸ் சிலிண்டர், சிம் கார்டு, எல்லாத்துக்கும் ஒரு கஸ்டமர் கேர் நம்பர் உண்டு. அதே மனசோட வாலட்டுக்கும் ஒரு கவுன்டரைத் தேடுறோம். அங்க கவுன்டர் இல்லாததால, யாரோ ஒருத்தன் மேசை நாற்காலி போட்டு உக்காந்துடறான்.

நிஜக் கவுன்டர் இருக்கிற எக்ஸ்சேஞ்ச்லயும் இதேதான் நடக்குது. சிராக் தோமர்ங்கிற இந்தியர் கூட்டாளிகளோட சேர்ந்து காயின்பேஸ் ப்ரோ மாதிரியே ஒரு போலி சைட் வச்சு, 3.7 கோடி டாலருக்கு மேல திருடினார். லாகின் பண்ணப் போனவங்களுக்கு அக்கவுன்ட் லாக் ஆயிடுச்சுன்னு காட்டி, ஒரு நம்பருக்குப் பேச வைப்பாங்க. எடுக்கிறவர் 'சப்போர்ட்'. 2022 பிப்ரவரியில வட கரோலினாவுல ஒருத்தர் டூ ஃபேக்டர் கோடைச் சொல்லி 2,40,000 டாலருக்கு மேல இழந்தார். தோமர் 2023 டிசம்பர்ல அட்லாண்டா ஏர்போர்ட்ல பிடிபட்டார், அடுத்த வருஷம் 5 வருஷம் ஜெயில் தண்டனை வந்தது.

"ஆனா அவருக்கு என் பேரெல்லாம் தெரிஞ்சிருந்ததே"ன்னு சொல்றவங்க உண்டு. 2025 மே மாசம் காயின்பேஸ் தானே ஒத்துக்கிட்டது: வெளிநாட்டு சப்போர்ட் ஊழியர்கள் சிலருக்கு லஞ்சம் கொடுத்து வாடிக்கையாளர் விவரங்களை எடுத்திருக்காங்க, அதை வச்சு கம்பெனி பேர்ல ஆட்களை ஏமாத்தத்தான். (நம்ம சீனியர்கள் எத்தனை பேர் முதல் வேலைக்கு சப்போர்ட் டெஸ்க்ல உக்காந்திருக்காங்கன்னு நினைச்சா எனக்கு இது செய்தியாவே படல.) 2020-ல லெட்ஜர் கம்பெனி டேட்டா கசிஞ்சு, லட்சக்கணக்கானவங்களோட வீட்டு விலாசம்கூட வெளியே வந்தது. உங்க பேர் தெரியறது எதுக்கும் அத்தாட்சி இல்ல.

எனக்கு இந்த டெக்னிக்கை விட உறுத்தினது வேற விஷயம். "ஏன்டா, எங்க கிளாஸ்ல யாராவது சொல்லியிருப்பாங்களே, என்கிட்ட முதல்லயே கேட்டிருக்கலாமே?"ன்னேன். "கேட்டா சிரிப்பீங்க"ன்னான். மறுக்க முடியல. போன வருஷம் எங்க கிளாஸ் பையன் ஒருத்தன் போலி பார்ட் டைம் வேலையில ஏமாந்தப்ப, கிளாஸ் குரூப்ல மீம் போட்டவங்கள்ல நானும் ஒருத்தி. அடுத்தவன் வாயை மூடிக்கிட்டு டெலிகிராம்ல முன்பின் தெரியாதவன்கிட்ட போறதுக்கு நாங்களும்தான் வழி பண்ணிக் கொடுத்திருக்கோம்.

இன்னொரு பயமும் அவனுக்கு இருந்தது: "கிரிப்டோன்னு போலீஸ்ல சொன்னா என்னையே பிடிச்சுட்டா?" இந்தியாவுல கிரிப்டோ வச்சிருக்கிறது குற்றம் இல்ல. 2022-லேர்ந்து லாபத்துக்கு 30 சதவீதம் வரி போடறாங்க. 2025 அக்டோபர்ல சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோவும் ஒரு சொத்துதான்னு சொல்லியாச்சு. சொத்து திருடு போனா புகார் கொடுக்கலாம். 1930-க்கு உடனே கூப்பிடணும், இல்லேன்னா தேசிய சைபர் கிரைம் போர்ட்டல்ல பதியணும். டிரான்சாக்ஷன் ஹேஷ், திருடனோட வாலட் அட்ரஸ், சாட் ஸ்கிரீன்ஷாட், எதையும் அழிக்காதீங்க. பணம் திரும்பும்னு நான் சொல்ல மாட்டேன், பிளாக்செயின்ல போனதை யாராலயும் ரிவர்ஸ் பண்ண முடியாது. ஆனா அந்தக் காயின் பணமாக்க ஏதாவது எக்ஸ்சேஞ்சுக்கு வந்தா, அங்க முடக்க ஒரு வாய்ப்பு இருக்கு. புகாரே இல்லேன்னா அதுவும் இல்ல.

எங்க ஊர் மகாலிங்கசுவாமி கோயில்ல ஒரு கதை உண்டு. வரகுண பாண்டியனைத் துரத்தி வந்த பிரம்மஹத்தி கிழக்கு வாசல்லயே காத்துக்கிட்டு நிக்க, அவர் வேற வாசல் வழியா வெளியே போனாராம். இன்னைக்கும் பலர் உள்ளே போன வாசல் வழியா வெளியே வர மாட்டாங்க. ஏமாந்தவங்களுக்கும் வாசல்ல ஒண்ணு காத்திருக்கும், அதுக்குப் பேர் 'ரெக்கவரி ஏஜென்ட்'. "போன பணத்தை மீட்டுத் தர்றோம், ஃபீஸ் மட்டும் முன்னாடி கட்டுங்க"ன்னு வருவாங்க. அதே கும்பலாவும் இருக்கலாம், ஏமாந்தவங்க லிஸ்ட்டை வாங்கின வேற கும்பலாவும் இருக்கலாம்.

அன்னைக்கு ராத்திரியே ரெண்டு பேரும் உக்காந்து புகாரைப் பதிஞ்சோம். சித்தப்பாகிட்ட அவன் இன்னும் சொல்லல, நானும் சொல்லல. போன வாரம் வாட்ஸ்அப்ல ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். "ஹலோ டியர், வீ கேன் ரெக்கவர் யுவர் ஃபண்ட்ஸ்"னு இருந்தது. கீழே அவன் கேள்வி: "அக்கா, இது அதுதானே?"