முதல் சொட்டுக்கு முன் வாயைப் பாருங்கள்!

பொன்னேரியோ மீஞ்சூரோ, வீட்டில் குழந்தை பிறந்ததும் பாட்டிமார் தேடுவது சர்க்கரைத் தண்ணீரை. சில வீடுகளில் தேன், சில வீடுகளில் கழுதைப்பால். 'சேனை வைப்பது' என்றும் சொல்வார்கள். தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வதற்குப் பல காரணங்கள் உண்டு. அதிகம் பேசப்படாத ஒரு காரணம், குழந்தையின் மூச்சுக்குழாய்.

ஒரே குழாய்... இரண்டாகும் வாரம்

கரு உருவான நான்காவது வாரம். நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். கர்ப்பம் என்பதே பலருக்குத் தெரியாது. அரிசியைவிடச் சிறிய அந்தக் கருவில், உணவுப்பாதையின் முன்பக்கம் ஒரு மொட்டு முளைக்கும். அதுதான் நுரையீரலின் தொடக்கம். மொட்டு இரண்டாகக் கிளைத்து வலது, இடது நுரையீரல்கள் ஆகும். அதே சமயத்தில் முன்னால் மூச்சுக்குழாய், பின்னால் உணவுக்குழாய் என்று பாதையும் இரண்டாகப் பிரியும்.

பிரியாமல் போனால்?

சுமார் 3,000 முதல் 4,500 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்தப் பிரிவு சரியாக நடப்பதில்லை. பெரும்பாலும் உணவுக்குழாயின் மேல்பகுதி பாதியிலேயே மூடிக்கொள்ளும். கீழ்ப்பகுதி மூச்சுக்குழாயோடு ஒட்டியிருக்கும். அப்போது வாயில் விடும் சர்க்கரைத் தண்ணீர் வயிற்றுக்குப் போகாது; வழிந்து நுரையீரலுக்குள் இறங்கும். இரைப்பையின் அமிலமும் கீழிருந்து நுரையீரலுக்கு ஏறும்.

கவனிக்க வேண்டியவை

* துடைக்கத் துடைக்க வாயில் நுரையும் எச்சிலும் வழிவது
* பால் குடித்ததும் இருமல், புரையேறல்
* உதடு நீலம் பாரித்தல், மூச்சுத் திணறல்
* கர்ப்பத்தின்போதே ஸ்கேனில் பனிக்குட நீர் அதிகம் என்று சொல்லியிருப்பது

இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடமோ நர்ஸிடமோ உடனே சொல்லுங்கள். குழந்தைக்கு நுரை வழிந்தாலோ மூச்சு முட்டினாலோ, அவர்கள் பார்க்கும்வரை வாயில் எதையும் கொடுக்காதீர்கள். மெல்லிய குழாயை வாய் வழியாக விட்டுப் பார்ப்பார்கள். அது பாதியில் நின்றால், எக்ஸ்ரே உறுதி செய்துவிடும்.

பிழைக்குமா?

ஒரு காலத்தில் இந்தக் குறையோடு பிறந்த குழந்தைகள் பிழைத்ததே இல்லை எனலாம். 1941-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் டாக்டர் கேமரன் ஹெய்ட், ஒரே அறுவை சிகிச்சையில் தவறான இணைப்பை மூடி, உணவுக்குழாயின் இரு முனைகளையும் சேர்த்துத் தைத்து வெற்றி கண்டார். இன்று, இதயக் கோளாறு இல்லாமல் போதிய எடையோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானோர் பிழைத்துவிடுகிறார்கள். பொன்னேரிக்காரர்களுக்கு எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை சுமார் 35 கி.மீ. தூரம்தான். 108 ஆம்புலன்ஸில் போகும்போது குழந்தையின் தலை சற்று உயர்ந்திருக்கட்டும்.

'கிரகணத்தில் வெளியே போனாள்', 'ஆகாததைச் சாப்பிட்டாள்' என்று தாயைக் குற்றம் சொல்லாதீர்கள். பெரும்பாலானோருக்கு இது ஏன் வருகிறது என்பதற்குத் தெளிவான காரணம் கிடைப்பதில்லை. அவளுக்கே தெரியாத ஒரு வாரத்தில் நடந்து முடிந்த விஷயம் அது. ஆனால் பிறந்த முதல் மணி நேரம் நம் கண்முன்னால்தான் இருக்கிறது. சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தை ஓரமாக வையுங்கள் பாட்டி!