நெட்வொர்க் இருந்தால் யூனிட் டெஸ்ட் எழுத முடியாதா?

சர்வரோடு பேசும் பிரவுசர் நிரலுக்கு யூனிட் டெஸ்ட் எழுதுவது வீண் வேலை என்ற எண்ணம் ஃபிரண்ட்எண்ட் டெவலப்பர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எதுவும் நிற்காது என்பது என் கட்சி.

முதல் காரணம், நெட்வொர்க் நம் கையில் இல்லை என்பது. இல்லைதான். ஆனால் யூனிட் டெஸ்டுக்குள் நெட்வொர்க்கை யார் கூப்பிட்டது? நெட்வொர்க் வழியே பேசும் டெஸ்ட் யூனிட் டெஸ்டே அல்ல என்று மென்பொருள் வல்லுநர் மைக்கேல் ஃபெதர்ஸ் 2005-லேயே எழுதிவிட்டார். பதில் வந்தபின் நம் நிரல் என்ன செய்கிறது என்பதைத்தான் சோதிக்க வேண்டும். ஃபெட்ச் அழைப்பு, ஜேசானைப் பிரிப்பது, திரையை மாற்றுவது எல்லாவற்றையும் ஒரே கிளிக் ஹேண்ட்லருக்குள் திணித்துவிட்டு, சோதிக்க முடியவில்லை என்றால் எப்படி? ஃபெட்ச்சை வெளியிலிருந்து ஆர்கியுமென்ட்டாகக் கொடுங்கள். டெஸ்டில் அந்த இடத்தில் மாக், அதாவது நம் போலி ஃபங்ஷனை வைக்கலாம். 2012-ல் ஆங்குலர்ஜேஎஸ் 1.0 வந்தபோதே இதற்கென்று ஒரு போலி பேக்கெண்டையும் கூடவே தந்தது.

இரண்டாவது, மாக் போட்டால் மாக்கைத்தான் சோதிக்கிறோம் என்ற வாதம். இதில் பாதி உண்மை உண்டு. சர்வர் 500 அனுப்பினால் ஃபெட்ச் பிழை எறியும் என்று பலர் நம்புகிறார்கள். எறியாது. இணைப்பு அறுவது போல, பதிலே கிடைக்காமல் போனால்தான் கேட்ச் பக்கம் போகும். 404-ம் 500-ம் சாதாரணப் பதிலாகவே வந்து நிற்கும், ‘ஓகே’ என்ற பண்பு மட்டும் பொய் என்று காட்டும். தவறாக நம்புகிறவர் எழுதும் மாக்கும் பிழையை எறியும், டெஸ்ட் பச்சையாகும், நிஜத்தில் பயனர் வெற்றுத் திரையைப் பார்ப்பார். இதற்கு மருந்து மாக்கைக் கைவிடுவதல்ல, ஊகத்தைக் கைவிடுவது. 2022-ல் வந்த நோட் 18 முதல் ஃபெட்ச்சும் ரெஸ்பான்ஸும் உள்ளேயே இருக்கின்றன. போலி ஃபங்ஷன் 500 நிலையுள்ள அசல் ரெஸ்பான்ஸ் ஆப்ஜெக்ட்டையே திருப்பித் தரட்டும். அதுவும் போதாதென்றால் மாக் சர்வீஸ் வொர்க்கர் என்ற லைப்ரரி இருக்கிறது. அது ரிக்வெஸ்ட்டை வழியிலேயே மறித்துப் பதில் தரும்; நம் நிரல் வழக்கம்போல ஃபெட்ச்சை அழைத்தால் போதும்.

மூன்றாவது, பதில் எப்போது வரும் என்று தெரியாததால் டெஸ்ட் ஒருநாள் ஓடும், ஒருநாள் விழும் என்பது. எனக்கு இதுதான் தலைகீழாகப் படுகிறது. தேடல் பெட்டியில் ஒருவர் ‘மது’ என்று அடிக்கிறார், ஒரு ரிக்வெஸ்ட் போகிறது. ‘மதுரை’ என்று முடிக்கிறார், இன்னொன்று போகிறது. ‘மதுரை’க்கான பதில் முதலில் வந்து, ‘மது’வுக்கான பழைய பதில் தாமதமாக வந்தால், பெட்டியில் ஒரு சொல்லும் கீழே வேறு பட்டியலும் நிற்கும். கையால் சோதித்து இந்தப் பிழையைப் பிடிப்பது அதிர்ஷ்டம். யூனிட் டெஸ்டிலோ இரண்டு ப்ராமிஸ்களும் நம் பிடியில்: இரண்டாவதை முதலில் ரிசால்வ் செய்து, பிறகு முதலாவதைச் செய்து, பட்டியல் ‘மதுரை’யுடையதாகவே இருக்கிறதா என்று பார்க்கலாம். காத்திருப்பே கிடையாது. டெஸ்டுக்குள் இரண்டு நொடி ஸ்லீப் வைப்பவர்களுக்குத்தான் டெஸ்ட் ஆடும்.

கடைசியாக, எண்ட்-டு-எண்ட் டெஸ்ட் போதும் என்கிறார்கள். சர்வரின் ஒவ்வொரு கோளாறையும் அங்கே வரவழைக்க எத்தனை பாடு! ஆனால் சர்வர் குழு ஒரு ஃபீல்டின் பெயரை மாற்றிவிட்டால் யூனிட் டெஸ்டுக்குத் தெரியாது. அதற்கு பேக்ட் போன்ற கருவியால் செய்யும் ஒப்பந்தச் சோதனை வேண்டும், எண்ட்-டு-எண்ட் டெஸ்டும் சில வேண்டும். அவை யூனிட் டெஸ்டோடு சேர வேண்டியவை, அதற்கு மாற்று அல்ல.

உங்கள் புராஜெக்ட்டில் ஃபெட்ச் அழைக்கும் ஒரு ஃபங்ஷனை இன்றே எடுத்து, அதற்கு 500 வந்தால் என்ன ஆகும் என்று ஒரே ஒரு டெஸ்ட் எழுதிப் பாருங்கள்.