மாப்பிள்ளை வெளியூரில் இருக்கிறார்!

சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி, "தனியாகப் பிள்ளை வளர்ப்பது எல்லாம் பட்டணத்து நாகரிகம். நம் பக்கம் அப்படி யார் இருக்கிறார்கள்?" என்று எழுதியிருந்தார். படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அப்படி ஒருத்தி எங்கள் வீட்டு அடுப்படியிலேயே தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். என் மகள்!

ஒரு வயதுக் குழந்தையோடு வந்தவள். இன்று பேரனுக்கு எட்டு வயது. ஏன் வந்தாள் என்பது அவள் பாடு. அதை இங்கே எழுதப் போவதில்லை. அந்த மனிதர் அதன் பிறகு எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது மட்டும் நிஜம். அக்கம் பக்கத்தில் யார் கேட்டாலும் நான் சொல்லி வந்த பதில், "மாப்பிள்ளை வெளியூரில் இருக்கிறார்." ஒரு தீபாவளிக்குக்கூட வராத மாப்பிள்ளை, ஏழு வருஷமாக வெளியூரிலேயே இருக்கிறார்!

என் அம்மா காலத்தில் ஒற்றை ஆளாகப் பிள்ளை வளர்ப்பவள் என்றால் கணவனை இழந்தவள் என்றுதான் அர்த்தம். நம் மாநிலத்தில் ஆதரவற்ற விதவைகளுக்கு ஓய்வூதியம் 1975-ல் வந்தது. கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு என்று தனியாக ஒரு திட்டம் வர 1986 ஆனது. இப்போது விவாகரத்து ஆனவர்கள், கேஸ் முடியாமல் கோர்ட்டுக்கு நடப்பவர்கள், அடி உதை தாங்காமல் தானே கிளம்பி வந்தவர்கள், கல்யாணமே வேண்டாமென்று குழந்தையைத் தத்தெடுத்தவர்கள் என்று எத்தனையோ விதம். மனைவி இல்லாமல் பிள்ளை வளர்க்கும் அப்பாக்களும் உண்டு. அவர்களிடம் மட்டும், "வேற பொண்ணு பார்க்கட்டுமா?" என்று உடனே கேட்டுவிடுவோம்!

ஐ.நா. மகளிர் அமைப்பு 2019-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தியாவில் தனித்தாய் மட்டுமே நடத்தும் குடும்பங்கள் 4.5 சதவீதம், அதாவது சுமார் 1 கோடியே 30 லட்சம் என்று அதில் இருந்தது. அதற்கு மேல், உறவுகளோடு சேர்ந்து வாழும் தனித்தாய்கள் சுமார் 3 கோடியே 20 லட்சம் பேராம். அதாவது, தனி வீட்டில் ஒருத்தி என்றால், அப்பா வீட்டிலோ அண்ணன் வீட்டிலோ இரண்டு பேருக்கு மேல். "நம் பக்கம் யார் இருக்கிறார்கள்?" என்று அந்தச் சகோதரிக்குத் தோன்றியது இதனால்தான். என் மகள் மாதிரி, அவர்கள் இன்னொருவர் ரேஷன் கார்டுக்குள்ளே இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் நாங்கள் ஒரே குடும்பம். உள்ளே தாயும் பிள்ளையுமாக இன்னொரு குடும்பம் இருப்பது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

நானும் அதை மறைத்தேன். அதற்கு விலை கொடுத்தது என் மகள்.

என் வீட்டுக்காரர் ரைஸ் மில்லில் கணக்கு எழுதியவர், பென்ஷன் கிடையாது. மகள் ஜாக்கெட் தைத்து ஏதோ சம்பாதிக்கிறாள். கைவிடப்பட்டோர் ஓய்வூதியத்தை 2023-ல் 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள். 30 வயது ஆகியிருக்க வேண்டும். விவாகரத்து ஆகவில்லை என்றால் கணவர் பிரிந்து 5 வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்ததால் போன வருஷம் மனு கொடுத்தாள். விசாரிக்க வந்தவரிடம் எதிர்வீட்டு அக்கா கள்ளமில்லாமல், "அவ வீட்டுக்காரர் வெளியூர்ல வேலை பார்க்கிறார்னு அவங்கம்மாவே சொல்லுவாங்களே" என்று சொல்லிவிட்டார். மனு நின்றுபோனது. அக்காவைக் குறை சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது?

அதைவிடப் பெரிய அடி வேறொன்று. பள்ளிக்கூட வாசலில் ஒரு பையனுடைய அம்மா பேரனிடம், "அப்பா என்ன பண்றார் தம்பி?" என்று கேட்டார். குழந்தை கண் இமைக்காமல், "அப்பா வெளியூரில் இருக்கிறார்" என்றான். என் வார்த்தை, என் குரல்! நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

சட்டம் நம்மைவிட முன்னே போய்விட்டது சகோதரிகளே. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் பத்திரம் வாங்கப் போனபோது, தாய் கையெழுத்து மட்டும் போதாது என்றது ரிசர்வ் வங்கி. அந்த வழக்கில்தான் 1999-ல் சுப்ரீம் கோர்ட், அப்பா பொறுப்பில் இல்லாதபோது தாயே இயற்கையான காப்பாளர் என்று தீர்ப்புச் சொன்னது. 2016 டிசம்பரிலிருந்து பாஸ்போர்ட்டுக்குத் தாய், தந்தை இருவரில் ஒருவர் பெயர் போதும். 2018 டிசம்பரிலிருந்து, தனித்தாய் வளர்த்த பிள்ளை பான் கார்டுக்கு அப்பா பெயர் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் நம் வாயில் "வாழாவெட்டி" என்ற வார்த்தை இன்னும் போகவில்லை.

"இப்படித் தாங்கிப் பேசினால் ஆளாளுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்" என்று சிலர் சொல்லலாம். பான் கார்டில் தன் பெயர் வரும் என்பதற்காக எந்தப் பெண்ணும் வீட்டை விட்டு வருவதில்லை. வந்தவள் எப்படித் தலை நிமிர்ந்து வாழப் போகிறாள் என்பதுதான் கேள்வி. நாங்கள் கண்ணை மூடிய பிறகு இந்த வீடு யார் பொறுப்பில் இருக்குமோ! அன்று என் மகள் இன்னொருவர் கார்டில் ஒரு பெயராக மட்டும் நிற்கக் கூடாது.

வீட்டுக்குத் திரும்பி வந்த மகளை வைத்திருக்கும் அம்மாமார்களுக்கு ஒரு வார்த்தை. அவள் பெயரில் தனியாக ஒரு பாங்க் கணக்கு, குழந்தை பெயரில் அவளையே கார்டியனாகப் போட்டு இன்னொரு கணக்கு ஆரம்பித்துக் கொடுங்கள். யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். மற்றவர்களும், சின்னப் பிள்ளைகளைப் பார்த்தால் "என்ன படிக்கிறே?" என்று கேளுங்கள். அப்பாவைப் பற்றிய விசாரணை வேண்டாம்.

போன மாதம் மகள் மறுபடி மனு கொடுத்திருக்கிறாள். இந்த முறை எதிர்வீட்டு அக்காவிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு அப்பவே தெரியும்மா. நீங்க சொல்றப்ப சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார். ஏழு வருஷமாக நான் யாரை ஏமாற்றிக்கொண்டிருந்தேன்?

- ஒரு பாட்டி, மயிலாடுதுறை.