சுழலும் தண்டு ஆளைப் பார்ப்பதில்லை



விடியற்காலை மூன்று மணிக்கு ராயபுரம் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு நீங்கள் போனதுண்டா? விசைப்படகுகள் கரையோரம் வந்து நிற்கும். கூடை கூடையாக மீன் இறங்கும். ஏலம் கூவும் குரல் காதைத் துளைக்கும். அந்தக் கூட்டத்தில் பெண்கள் ஏராளமாக இருப்பார்கள். ஐஸ் உடைப்பார்கள், விலை பேசுவார்கள், கூடைக்கு இவ்வளவு என்று கடன் கணக்கை மனத்திலேயே கூட்டிக் கழிப்பார்கள். "இந்த நேரத்தில் பெண்களுக்கு இங்கே என்ன வேலை?" என்று யாரும் அவர்களைக் கேட்பதில்லை. கேட்டால், கேட்டவர் பாடு திண்டாட்டந்தான்!

இப்போது அங்கிருந்து கடற்கரையை ஒட்டி வடக்கே வாருங்கள். திருவொற்றியூர், அதற்கப்பால் எண்ணூர். 1946-இல் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கிப் பிறகு டயர் செய்யும் நிறுவனமாக வளர்ந்த எம்.ஆர்.எஃப். இங்கேதான் பிறந்தது. என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள், அசோக் லேலண்டு லாரி என்று நாடறிந்த பெயர்கள் எல்லாம் இந்தச் சாலையில் வளர்ந்தவை. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இங்கே மின்சாரம் உற்பத்தி செய்தது. இரவு பகலாக ஷிப்டு மாறும் வட்டாரம் இது.

ஆனால் இந்த ஆலைகளுக்குள் அதே மூன்று மணிக்கு ஒரு பெண் வேலை செய்திருந்தால், நெடுங்காலம் அது சட்ட விரோதமாக இருந்திருக்கும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 66-ஆவது பிரிவு, காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் மட்டுமே பெண்களை ஆலையில் வேலைக்கு அமர்த்தலாம் என்றது. சில மைல் தள்ளி இருட்டில் மீன் கூடை தூக்குகிற அம்மாவைப் பற்றி அந்தச் சட்டத்துக்குக் கவலையில்லை. மாதச் சம்பளமும் வருங்கால வைப்பு நிதியும் கிடைக்கிற வேலைக்குப் போகும்போதுதான் இரவு பெண்ணுக்கு ஆபத்தானதாக ஆகிவிட்டது! இது விசித்திரமாக இல்லையா?

சட்டம் எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. உலகத் தொழிலாளர் அமைப்பு 1919-இலேயே பெண்களின் இரவு வேலைக்கு எதிராக ஓர் உடன்படிக்கை செய்திருந்தது. அந்தக் காலத்து ஆலைகளின் கொடுமை அப்படி. ஆனால் பாதுகாப்பதற்காகப் போட்ட வேலி, நாளடைவில் உள்ளே வரவிடாத வேலியாக மாறிப்போனது. மூன்று ஷிப்டுக்கும் ஆள் வேண்டும் என்கிற முதலாளி, ஒரே ஷிப்டுக்கு மட்டும் வரக்கூடிய ஆளை ஏன் எடுக்கப் போகிறார்? இந்த விதி செல்லாது என்று 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதுகாப்பு, போக்குவரத்து முதலிய நிபந்தனைகளோடு இரவு வேலை தரலாம் என்றது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பெண்ணின் சம்மதத்தோடு இரவு வேலைக்கு நாடு முழுவதும் இடம் தருகிறது.

அதே 1948 சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது. விஞ்ஞானம் படிக்கிற உங்களுக்கு அதுதான் அதிகம் சுவையாக இருக்கும். 22-ஆவது பிரிவு. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைப் பரிசோதிக்கவோ எண்ணெய் இடவோ வேண்டியிருந்தால், தனிப் பயிற்சி பெற்ற வயது வந்த ஆண் தொழிலாளி, உடலோடு ஒட்டிய உடை அணிந்து அதைச் செய்யவேண்டும். அந்த உடையை ஆலைக்காரரே கொடுக்கவேண்டும். இயந்திரத்தை இயக்கும் பாகங்கள் ஓடும்போது அவற்றைத் துடைக்கவோ எண்ணெய் இடவோ எந்தப் பெண்ணையும் அனுமதிக்கக்கூடாது. இதுதான் அதன் சாரமாக இருந்தது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு தண்டு, நிமிடத்துக்கு 300 முறை சுழல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் சுற்றளவு சுமார் 31 சென்டிமீட்டர். வினாடிக்கு 5 சுற்று. தொங்குகிற துணி முனை ஒன்று அதில் சிக்கினால், ஒரே வினாடியில் ஒன்றரை மீட்டருக்கு மேல் சுற்றிக்கொள்ளும். கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை அசைய ஏறத்தாழ ஐந்தில் ஒரு வினாடி ஆகும். அதற்குள் தண்டு ஒரு முழுச் சுற்று முடித்து ஒரு சாண் துணிக்கு மேல் விழுங்கியிருக்கும். ஆபத்து மெய்யானதுதான்.

ஆனால் தண்டு விழுங்குவது எதை? துணியை. அவிழ்ந்த கூந்தலை. கழுத்தில் தொங்கும் துண்டை. சிக்கியவர் ஆணா பெண்ணா என்று அது பார்ப்பதில்லை. லுங்கி கட்டிக்கொண்டு லேத்துப் பட்டறையில் நிற்கும் அண்ணன்மாரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சேலைத் தலைப்புக்கு என்ன ஆபத்தோ அதே ஆபத்துதான் லுங்கியின் தொங்கலுக்கும். ஒட்டிய உடை, பயிற்சி என்ற இரண்டு விடைகளையும் சட்டமே சரியாகக் கண்டுபிடித்துவிட்டது. பிறகு அந்த இரண்டையும் ஆணுக்குக் கொடுத்தது. பெண்ணுக்கு வாசலைக் காட்டியது. ஒரு மாணவர் தேர்வுத்தாளில் இப்படி எழுதினால், படிகள் எல்லாம் சரி, விடை மட்டும் தவறு என்று ஆசிரியர் மதிப்பெண் குறைப்பார்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இதே சென்னையில், அந்தச் சட்டம் பிறப்பதற்கு முன்பே, ஒரு பெண் இயந்திரங்களின் உலகுக்குள் நுழைந்துவிட்டார். அவர் பெயர் அ. லலிதா. 1919-இல் பிறந்தவர். அக்கால வழக்கப்படி 15 வயதில் மணம் முடிந்தது. 18 வயதில், கையில் நான்கு மாதப் பெண் குழந்தை இருக்கும்போது, கணவர் இறந்துவிட்டார். அந்நாளில் இளம் விதவை என்றால் வாழ்க்கை மூலையில் முடங்கிப் போவதுதான் வழக்கம். லலிதாவின் தந்தை பப்பு சுப்பாராவ், கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்னியல் பேராசிரியர். மகள் படிக்க விரும்பினார். மருத்துவம் படிக்கலாமே என்று தோன்றும். ஆனால் மருத்துவரை நடு இரவிலும் கூப்பிடுவார்கள். குழந்தையைத் தனியே விட்டுப் போகவேண்டும். காலையில் போய் மாலையில் திரும்பும் வேலையாக இருந்தால் நல்லது என்று எண்ணி மின் பொறியியலைத் தேர்ந்தெடுத்தார். எவ்வளவு எளிய, நடைமுறைக்கு உகந்த காரணம் பாருங்கள்! சாதனை படைக்கவேண்டும் என்றெல்லாம் அவர் கிளம்பவில்லை.

கிண்டிக் கல்லூரியின் வேர் 1794-இல் தொடங்கிய நில அளவைப் பள்ளியில் இருக்கிறது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு, அங்கே ஒரு பெண்கூடப் படித்ததில்லை. முதல்வர் கே.சி. சாக்கோ 1940-இல் லலிதாவைச் சேர்த்துக்கொண்டார். ஒரு பெண் மட்டும் தனியாக இருக்கவேண்டாமே என்று வேறு பெண்களையும் சேர்க்க முயன்றதில், லீலம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்ற இருவர் கட்டடப் பொறியியலில் சேர்ந்தார்கள். உலகப் போர் காரணமாகப் படிப்புக் காலம் சுருக்கப்பட்டதால் மூவரும் 1943-இல் ஒன்றாகவே படித்து முடித்தார்கள். திரேசியா பிற்காலத்தில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

பட்டச் சான்றிதழ் வந்தபோது ஒரு வேடிக்கை. அச்சிட்ட தாளில் 'அவன்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்தான் இருந்தது. அதை அடித்துவிட்டு 'அவள்' என்று கையால் எழுதித் தந்தார்கள். பெண் ஒருத்தி வருவாள் என்று அச்சகத்துக்குக்கூடத் தோன்றவில்லை! (சான்றிதழ் தமிழில் இருந்திருந்தால் 'அவர்' என்ற ஒரே சொல் இருவருக்கும் போதுமே என்று எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.) லலிதா ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி பெற்றார். பிறகு கல்கத்தாவில் ஒரு மின் பொறியியல் நிறுவனத்தில் மின்தொடர்களையும் துணை மின் நிலையங்களையும் வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகள் தொடர்பான பணியிலும் அவர் பங்கு உண்டு. 1964-இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர், விஞ்ஞானியர் சர்வதேச மாநாட்டில் கலந்துகொண்டார். 1979-இல் காலமானார்.

பெண் என்பதற்காக ஒதுக்குவதும், நிறத்துக்காக ஒதுக்குவதும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். ராயபுரம் ரயில் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் ஆர்க்காட்டுப் பக்கம் புறப்பட்டது. அதன்பின் நெடுங்காலம் மெயில் வண்டியின் ஓட்டுநர் இடம் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ-இந்தியருக்குமே உரியதாக இருந்தது. உலையில் கரி அள்ளிப் போட்டவர் நம்மவர். எஞ்சினைக் கையாளும் மனத்திடம் இந்தியருக்குப் போதாது என்று காரணம் சொன்னார்கள். இன்று அதைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. பின்னர் அதே ரயில்வேயில், பெண்ணுக்கு மனத்திடம் போதாது என்று நம்மவரே சொன்னார்கள். 1980-களின் இறுதியில் மராட்டியத்தின் சுரேகா யாதவ் ரயில் ஓட்ட வந்தபிறகுதான் அந்தப் பேச்சுக் குறைந்தது. அமெரிக்காவில் மேரி ஜாக்சன் என்ற கறுப்பினப் பெண், பொறியாளர் ஆவதற்கான வகுப்புகள் வெள்ளையர் பள்ளியில் நடந்ததால், அங்கே உட்கார்ந்து படிக்கவே நகர நிர்வாகத்திடம் தனி அனுமதி வாங்கவேண்டியிருந்தது. 1958-இல் அவர் நாசாவின் முதல் கறுப்பினப் பெண் பொறியாளர் ஆனார்.

"சரி ஐயா, இதெல்லாம் நியாயம் பற்றிய பேச்சு. இதில் விஞ்ஞானத்துக்கு என்ன நஷ்டம்?" என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான்.

கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்த பல்ஸ் ஆக்சிமீட்டர் நினைவிருக்கிறதா? அது சிவப்பு ஒளியையும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரலினூடே செலுத்துகிறது. ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபின் ஒரு விதமாகவும், ஏற்றாதது வேறு விதமாகவும் இவ்விரு ஒளிகளையும் உறிஞ்சும். வெளியே வரும் ஒளியின் விகிதத்தைக் கொண்டு இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று கருவி கணக்கிடுகிறது. ஆனால் நம் தோலுக்கு நிறம் தரும் மெலனினும் ஒளியை உறிஞ்சுமே! கருவியைச் சரிபார்த்தபோது விரல் நீட்டியவர்களில் பெரும்பாலோர் வெளிர்நிறத்தவர். விளைவு என்ன? 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, கருவி 92 முதல் 96 சதவீதம் வரை காட்டிய நோயாளிகளை இரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டது. உண்மையில் 88-க்கும் கீழே போயிருந்தவர்கள் வெள்ளையரில் 100-க்கு 3.6 பேர்; கறுப்பினத்தவரில் 11.7 பேர். மூன்று மடங்கு! இந்தக் குறையை 1990-இலேயே ஓர் ஆய்வு சுட்டிக்காட்டியிருந்தது. முப்பது ஆண்டுகள் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. கருவி செய்யும் அறையில் கறுத்த விரல்கள் நாலைந்து இருந்திருந்தால் இவ்வளவு காலம் ஆகியிருக்காது என்பது என் எண்ணம். உங்கள் விரலைப் பாருங்கள். என் விரலும் அந்த நிறந்தான்.

முகம் கண்டறியும் கணினி நிரல்களிலும் இதே கதைதான். 2018-இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு பெண் ஆராய்ச்சியாளர்கள் சோதித்தபோது, வெளிர்நிற ஆண்களின் பாலினத்தைச் சொல்வதில் பிழை 1 சதவீதத்துக்கும் குறைவு. கருநிறப் பெண்களிடம் ஒரு நிரலில் 34 சதவீதத்துக்கும் மேல். அதைக் கண்டுபிடித்தவர்கள் இருவருமே கறுப்பினப் பெண்கள் என்பது தற்செயல் அல்ல. தன் முகத்தைக் கணினி பார்க்க மறுத்ததில்தான் புவோலம்வினிக்கு அந்தச் சந்தேகமே பிறந்தது.

நம் ஊருக்குத் திரும்புவோம். 2019-20 கணக்குப்படி, இந்தியாவில் ஆலைகளில் வேலை செய்யும் பெண்கள் 100 பேரில் 43 பேர் தமிழ்நாட்டில் இருந்தார்கள். பெருமைதான். ஆனால் அவர்களில் மிகப் பெரும்பாலோர் தையல், காலணி, மின்னணுப் பொருள் கோப்பு போன்ற வேலைகளில் இருக்கிறார்கள். உருக்கு, எஞ்சின், கொதிகலன், கிரேன் என்று வரும்போது பழைய பல்லவிதான். பெண்கள் மனுப் போடுவதே இல்லை என்று மேலாளர்கள் சொல்கிறார்கள். பொய் அல்ல. ஆனால் உள்ளே பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்பதால் பெண்கள் வருவதில்லை. பெண்கள் இல்லை என்பதால் கழிப்பறை கட்டுவதில்லை. இந்தச் சுழலை யாராவது ஒருவர் ஓரிடத்தில் நிறுத்தியாக வேண்டுமே! இன்னொன்றும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. பெண்களுக்கான தருமாம்பாள் அரசு பாலிடெக்னிக் நகரின் தென்கோடியில், தரமணியில் இருக்கிறது. கனரக ஆலைகள் வடகோடியில். எண்ணூர்ப் பெண் தன் வீட்டு வாசலிலிருந்து பார்க்கக்கூடிய புகைபோக்கியைப் பற்றிப் படிக்க நகரம் முழுவதையும் கடந்து போகவேண்டும்.

திருவொற்றியூரில் நான் பள்ளியில் படித்தபோது, எங்கள் வகுப்பில் கணக்கில் முதலாவதாக வந்தவள் ஒரு மீனவர் வீட்டுப் பெண். படகு எஞ்சினைத் தன் அப்பாவோடு சேர்ந்து பிரித்து மாட்டுவாள். டிப்ளமோவுக்கு இயந்திரவியல் கேட்டாள். "தட்டெழுத்துப் படியேம்மா, அது உனக்குத் தோதாக இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். சொன்னவர் நல்ல மனிதர்தான். அவள் நன்மைக்கென்றே சொன்னார். அவளுடைய தம்பிதான் இப்போது எஞ்சின் பட்டறை வைத்திருக்கிறான். பழுது பிடிபடாதபோது அக்காவைத்தான் கூப்பிடுகிறான்.

நீங்கள் வடசென்னையில் இருந்தால் ஒரு சிறு ஆய்வு செய்யலாம். நோட்டும் பென்சிலும் போதும். ஷிப்டு மாறும் நேரத்தில் ஏதாவது ஓர் ஆலையின் வாசலுக்கு எதிர்ப்புறம், சாலையோரம் பாதுகாப்பாக நின்று, அரை மணி நேரம் வெளியே வருகிறவர்களை எண்ணுங்கள். ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை? அடுத்த வாரம் அதே கிழமை, அதே நேரம் மறுபடியும் எண்ணுங்கள். ஒருநாள் கணக்கை நம்பக்கூடாது. துடைப்பமும் வாளியுமாக வரும் பெண்களையும் விடாமல் எண்ணுங்கள். ஆனால் அவர்களைத் தனிப் பத்தியில் குறியுங்கள்.